கம்பெனிக்குப் பத்திரிகை வைத்த பர்மனென்ட் அக்கா

ஒரே நாற்காலியில் உட்கார்ந்தபடியே நான்கு கம்பெனிகளுக்கு வேலை மாறியவர் இந்த உலகத்தில் ஒருவர்தான் இருக்க முடியும். அவர் தஞ்சாவூரில் இருந்தார். எங்களுக்கு அவர் பர்மனென்ட் அக்கா.

நாங்கள் வேலை பார்த்தது ஒரு பயிர்க் காப்பீட்டுக் கம்பெனியின் அலுவலகத்தில். சம்பா நட்டு முடித்த விவசாயிகள் அனுப்புகிற சிட்டா, அடங்கல், பாஸ்புக் நகல் எல்லாம் எங்கள் கம்ப்யூட்டருக்கு வந்து சேரும். சர்வே நம்பர் சரியா, பரப்பு சரியா, பெயரில் ஓர் எழுத்து முன்னே பின்னே இருக்கிறதா என்று பார்ப்பது எங்கள் வேலை. தப்பு இருந்தால் அந்த விவசாயிக்குப் போன் போட்டுச் சொல்ல வேண்டும். இதைச் செய்த நாங்கள் ஐந்து பேரும் அந்தக் கம்பெனியின் ஆட்கள் கிடையாது. ஓர் ஏஜென்சி எங்களை அங்கே அனுப்பியிருந்தது. வேலை வாங்குவது கம்பெனி, எங்களுக்கு முதலாளி ஏஜென்சி. இரண்டு வருஷத்துக்கோ மூன்று வருஷத்துக்கோ ஒருமுறை ஏஜென்சி மாறும். அன்றைக்குப் பழைய அடையாள அட்டையைக் கழற்றிக் கொடுத்துவிட்டுப் புது அட்டையை மாட்டிக்கொள்வோம். நாற்காலி மட்டும் மாறாது. அக்கா அப்படி நாலாவது அட்டையில் இருந்தார்.

பட்டப்பெயர் வந்தது ஓர் அதிகாரியால். தலைமை அலுவலகத்திலிருந்து வந்தவர் ஹாலைச் சுற்றிப் பார்த்துக்கொண்டே அக்காவிடம் நின்று, "நீங்க பர்மனென்ட்டா, கான்ட்ராக்டா?" என்று கேட்டாராம். அக்கா மரியாதையாக எழுந்து நின்று, "பர்மனென்ட்டா கான்ட்ராக்ட் சார்" என்றாராம். அதிகாரி தலையாட்டிவிட்டுப் போய்விட்டார். பெயர் நின்றுவிட்டது.

நான் சேர்ந்த அன்று அக்கா என்னிடம் கேட்ட முதல் கேள்வி, "ஊரு எது?" வேதாரண்யம் என்றேன். அதோடு என் பெயர் ஒழிந்தது. "வேதாரண்யம், டீ குடிக்க வர்றியா?", "வேதாரண்யம், இந்த அடங்கல்ல பசலி வருஷம் தப்பா இருக்கு பாரு" என்று ஹால் முழுக்கக் கேட்கிற மாதிரிதான் கூப்பிடுவார். ஒரு புயல் எச்சரிக்கை நாளில், வீட்டு ஞாபகம் தாங்காமல் மத்தியானமே லீவு சொல்லிவிட்டுப் பஸ் ஏறிவிட்டேன். மேனேஜர் வந்து எங்கள் பக்கம் எட்டிப் பார்த்திருக்கிறார். அக்கா நிமிராமலேயே, "வேதாரண்யம் போயிருச்சு சார்" என்று சொல்லியிருக்கிறார். மனுஷன் அப்படியே சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டாராம். இன்ஷூரன்ஸ் கம்பெனி மேனேஜரிடம் புயல் நாளில் சொல்லக்கூடிய வார்த்தையா அது?

எனக்கு அப்போது தஞ்சாவூரில் ஒருவரையும் தெரியாது. மெடிக்கல் காலேஜ் ரோட்டில் ஒரு பெண்கள் விடுதியில் தங்கியிருந்தேன். அறையில் கூட இருந்த பெண் நர்ஸ். அவள் வரும்போது நான் கிளம்புவேன், நான் வரும்போது அவள் கிளம்புவாள். ஒரு மாதத்தில் நாங்கள் பேசியது "சாவி ஜன்னல்ல இருக்கு" என்பது மட்டும்தான். அலுவலகத்திலும் அப்படித்தான். கம்பெனி ஆட்களுக்கு நீலக் கயிற்றில் அட்டை தொங்கும், எங்களுக்கு மஞ்சள் கயிறு. நீலக் கயிற்றுக்காரர்களின் பிறந்தநாளுக்குக் கேக் வெட்டுவார்கள். எங்களுக்கும் துண்டு வரும். ஆனால் எங்களுக்குப் பிறந்தநாள் வராது. யாரும் கெட்டவர்கள் இல்லை. பட்டியலில் எங்கள் பெயர் இல்லை, அவ்வளவுதான்.

மஞ்சள் கயிற்றைப் பற்றி அக்காவுக்கு ஒரு கருத்து இருந்தது. அவருக்குக் கல்யாணம் ஆகவில்லை. "நாப்பத்தி நாலு வயசுல ஒருவழியா கழுத்துல மஞ்சக் கயிறு ஏறிருச்சு. கட்டுன ஆளத்தான் இன்னும் கண்ணால பாக்கல" என்பார். உண்மையிலேயே எங்களில் யாரும் ஏஜென்சியைப் பார்த்ததில்லை. எங்களுக்கு அது ஒரு குரல். நூர்ஜஹான் மேடம் என்ற பெயரில் போனில் வரும் கறாரான குரல். "எம்ப்ளாயி நம்பர் சொல்லுங்க. கடைசி நாலு எண் சொல்லுங்க. மெயில் போடுங்க." அதற்கு மேல் நான்காவது வாக்கியம் அந்தக் குரலிடம் கிடையாது.

வருஷத்துக்கு ஒருமுறை அலுவலகத்தில் குரூப் போட்டோ எடுப்பார்கள். நீலக் கயிறுகள் எல்லாம் வரிசையாக நிற்க, மேனேஜர் தன் போனை நீட்டி, "கான்ட்ராக்ட் ஸ்டாஃப் யாராவது ஒரு போட்டோ எடுங்களேன்" என்பார். எப்போதும் அக்காதான் எடுப்பார். நான் சேர்ந்த வருஷமும் எடுத்தார். "சார், கொஞ்சம் சிரிங்க. பின்னாடி உள்ளவங்க தல தெரியல" என்று அக்கறையாகச் சொல்லிச் சொல்லிப் பன்னிரண்டு படம் எடுத்தார். பன்னிரண்டிலும் அக்காவின் முகம் மட்டும் பெரிதாக இருந்தது. கேமரா இந்தப் பக்கம் திரும்பியிருந்ததை யாரும் கவனிக்கவில்லை. மேனேஜரும் திறந்து பார்க்காமல் தலைமை அலுவலகத்துக்கு அனுப்பிவிட்டார். அங்கிருந்து சாயங்காலம் பதில் வந்தது: "தஞ்சாவூர் டீமுக்கு வாழ்த்துகள்."

"தெரியாம திரும்பிருச்சு சார்" என்றார் அக்கா. தெரிந்தா தெரியாமலா என்று நான் கேட்டதில்லை.

எங்களுக்குத்தான் அவர் வேடிக்கை. விவசாயிகளுக்கு அவர்தான் கம்பெனி. ஒரத்தநாடு பக்கத்திலிருந்து ஒரு பெரியவர் பஸ் ஏறி வந்து, "பர்மனென்ட்டுனு ஒரு அம்மா, போன்ல பேசுவாங்க, அவங்கள பாக்கணுங்க" என்றிருக்கிறார். வாசல் செக்யூரிட்டி, பர்மனென்ட் என்றால் அதிகாரிதான் என்று மேனேஜர் அறைக்கு அனுப்பிவிட்டார். மேனேஜர் உட்காரச் சொல்லித் தண்ணீர் கொடுத்து, "சொல்லுங்கய்யா" என்றிருக்கிறார். பெரியவர் ஒரு நிமிஷம் அவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "நீங்க இல்லீங்க. பர்மனென்ட்" என்றிருக்கிறார்.

அக்காவும் அவர் அம்மாவும் கரந்தையில் ஒரு சின்ன வாடகை வீட்டில் இருந்தார்கள். அம்மாவுக்கு நடமாட்டம் குறைவு. மகள் பெரிய ஆபீசில் இருக்கிறாள் என்று தெருவெல்லாம் சொல்லி வைத்திருந்தார். ஐப்பசியில் அடைமழை பெய்த ஒரு புதன்கிழமை காலையில் அந்த அம்மா இறந்துபோனார்.

அக்கா மேனேஜருக்குப் போன் செய்தார். அவர் உண்மையாகவே வருத்தப்பட்டார். பிறகு, "லீவு மட்டும் ஏஜென்சிதாம்மா சாங்ஷன் பண்ணணும்" என்றார். அக்கா ஏஜென்சிக்குப் போன் செய்தார். "கம்பெனிதான் மேடம் அப்ரூவ் பண்ணணும்" என்றது குரல். அம்மா பக்கத்தில் கிடக்க, அக்கா இரண்டு பக்கமும் மாற்றி மாற்றி மூன்று முறை பேசியிருக்கிறார். கடைசியில் அவரே போனில் விண்ணப்பத்தைத் திறந்திருக்கிறார். காரணம் என்ற இடத்தில் தேர்ந்தெடுக்க இரண்டே வழிதான் இருந்தது. உடல்நலக் குறைவு, சொந்த வேலை. சொந்த வேலை என்று போட்டார்.

நீலக் கயிற்றுக்காரர் வீட்டில் துக்கம் என்றால் கம்பெனி பெயரோடு மலர் வளையம் போகும். அக்கா வீட்டுக்கு யார் அனுப்புவது என்று யாருக்கும் தெரியவில்லை. மஞ்சள் கயிறு நான்கு பேரும் போய் நாங்களே வாங்கினோம். பூக்கடைக்காரர் அட்டையும் பேனாவுமாக, "என்ன பேரு எழுதணும்?" என்றார். கம்பெனி பெயரைப் போட எங்களுக்கு உரிமை இல்லை. ஏஜென்சி பெயரைப் போட்டால் அது யாரென்று அந்தத் தெருவில் யாருக்கும் தெரியாது. அவர் மழையில் நின்றுகொண்டு எவ்வளவு நேரம்தான் காத்திருப்பார். "அலுவலக நண்பர்கள்னு போடுங்க" என்றேன்.

அக்கா அழுது பார்த்ததில்லை. அன்றும் அழவில்லை. பக்கத்து வீட்டு அம்மாள், "ஆபீஸ்லேர்ந்து யாரும் வரலியாம்மா?" என்று மெதுவாகக் கேட்டபோது மட்டும், எங்களைக் காட்டி, "இவங்கதான்" என்றார். அந்த அம்மாள் எங்களை எண்ணிப் பார்த்தார். நாலு பேர்.

ஒரு வாரம் கழித்து அக்கா விடுதிக்கே என்னைத் தேடி வந்தார். கையில் மஞ்சள் பையில் கருமாதிப் பத்திரிகைகள்.

"சனிக்கிழம கும்பகோணம் போகணும். துக்கப் பத்திரிக குடுக்க ஒத்தையா போகக் கூடாதும்பாங்க. வர்றியா?"

"கும்பகோணத்துல யாருக்கா?"

"நம்ம ஏஜென்சிக்கு. அட்ட பின்னாடி விலாசம் போட்டிருக்கான். ரெண்டு வருஷமா அவன் ஆளுங்கறேன். எங்கம்மா செத்தது அவனுக்குத் தெரிய வேணாமா? நேர்ல பாத்து வச்சிருவோம்."

சண்டை போடப் போகிறார் என்றுதான் நினைத்தேன். பஸ்ஸில் அவர் உட்கார்ந்திருந்த விதம் அப்படி. அய்யம்பேட்டை தாண்டி, பாபநாசம் தாண்டி, இரண்டு பக்கமும் வயலில் தண்ணீர் தளும்பி நின்றது. நட்டு ஒரு மாசமான சம்பா, நுனி மட்டும் வெளியே தெரிந்தது. அக்கா ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டே, "வடிஞ்சிரும்" என்றார்.

விலாசம் ஒரு பாத்திரக் கடை மாடி. படிக்கட்டு முழுக்க எவர்சில்வர் குடங்கள் அடுக்கியிருந்தார்கள். ஒருக்களித்துத்தான் ஏற வேண்டியிருந்தது. மேலே நான் பெரிய ஹாலும் கண்ணாடிக் கதவுமாக எதிர்பார்த்திருந்தேன். ஓர் அறை. ஒரு மேஜை, ஒரு மின்விசிறி, மேஜைமேல் வரிசையாக மூன்று போன்கள். ஒல்லியாக ஒரு பெண், முக்காடு போட்டபடி, டிபன் பாக்ஸைத் திறந்து வைத்துத் தனியாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"யாரு வேணும்?" என்றார். அதே கறாரான குரல்.

அக்கா பழக்கதோஷத்தில் நிமிர்ந்து நின்று, "தஞ்சாவூர் சைட். கடைசி நாலு எண் நாலு நாலு ஒண்ணு ஏழு" என்றார்.

அந்தப் பெண் சட்டென்று எழுந்தார். கையைக்கூடக் கழுவவில்லை. "அக்கா, நீங்களா. அன்னிக்கு அம்மாவுக்கு எல்லாம் நல்லபடியா முடிஞ்சுதா? நான் போன வச்சிட்டு அன்னிக்கு முழுக்க சாப்பிடலக்கா. லீவு குடுக்க எனக்குப் பவர் கிடையாது. மேல கேட்டேன். மாலை அனுப்பலாமானும் கேட்டேன். அதுக்கு ஃபார்ம் இல்லைனுட்டாங்க."

அக்கா தயாராக வைத்திருந்த கோபத்துக்கு இப்போது இடம் இல்லாமல் போய்விட்டது. பையைப் பிசைந்துகொண்டே, "முதலாளி இருக்காரா? பத்திரிக வைக்கணும்" என்றார்.

"முதலாளிய நானே பாத்ததில்லக்கா."

"நீங்க ஏஜென்சி ஆளுதானே?"

நூர்ஜஹான் மேடம் முக்காட்டுக்குள் கைவிட்டுத் தன் அடையாள அட்டையை எடுத்துக் காட்டினார். பச்சைக் கயிறு. அதில் வேறொரு பெயர் இருந்தது. "நான் இங்க வேற ஏஜென்சி மூலமா இருக்கேன்க்கா. அவங்க ஓசூர்லனு சொல்றாங்க. எனக்கும் போன்லதான் பழக்கம்."

எனக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டேன். அக்கா சிரிக்கவில்லை. அந்த அறையைச் சுற்றிப் பார்த்தார். நாற்காலி ஒன்றுதான் இருந்தது. வருகிறவர்கள் உட்கார எதுவும் இல்லை, வருவதற்கு ஆளே இல்லாததால்.

"நாள் பூரா தனியாவா இருக்க?" என்றார். 'நீங்க' எப்போது 'நீ' ஆனது என்று தெரியவில்லை.

"கூத்தாநல்லூர்லேர்ந்து ரெண்டு பஸ் மாறி வர்றேன்க்கா. இங்க வந்தா போன்தான். மூணு ஜில்லா. எல்லாரும் திட்டுவாங்க. கொஞ்சம் கறாரா பேசுனாத்தான் அழாம இருக்க முடியுது."

அக்கா பைக்குள்ளிருந்து ஒரு பத்திரிகையை எடுத்தார். "அப்ப உனக்குத்தான் வைக்கணும்" என்று நீட்டினார். நூர்ஜஹான் மேடம் அவசரமாகக் கைகழுவி, துடைத்துக்கொண்டு, இரண்டு கையாலும் வாங்கினார். திரும்பி இறங்கும்போது, 'போயிட்டு வர்றேன்' என்று சொல்லக் கூடாது என்பதற்காக அக்கா எதுவும் சொல்லாமல் படியில் குடங்களுக்கு நடுவே இறங்கினார். மேலே போன் அடித்தது. வெகுநேரம் யாரும் எடுக்கவில்லை.

கருமாதியன்றும் மழை. சொந்தக்காரர்கள் கொஞ்சம் பேர், தெருக்காரர்கள் கொஞ்சம் பேர், நாங்கள் நாலு பேர். இலை போடுகிற நேரத்துக்குக் குடையும் நனைந்த செருப்புமாக வாசலில் வந்து நின்றார் நூர்ஜஹான் மேடம். தோளில் கைப்பை. அதற்குள் மூன்று போன்களும் மாற்றி மாற்றி அடித்தன. ஒன்றை எடுத்துத் தாழ்வாரத்தின் ஓரமாகப் போய் நின்று பேசினார். நான் பக்கத்தில் இருந்தேன். "இப்ப முடியாதுங்க, நாளைக்குப் பேசுங்க. எங்க ஆபீஸ்ல ஒருத்தங்களோட அம்மா தவறிட்டாங்க. அங்க இருக்கேன்."

பக்கத்து வீட்டு அம்மாள் அக்காவிடம், "யாரும்மா இது?" என்றார்.

அக்கா நிமிர்ந்து உட்கார்ந்தார். "கம்பெனி" என்றார். "எங்க கம்பெனிலேர்ந்து வந்திருக்காங்க."

அதற்கப்புறம் அக்கா கொஞ்சம் மாறித்தான் போனார். எங்கள் ஒப்பந்தத்தைப் பதினோரு மாதத்துக்கு ஒருமுறை முடித்து, ஒரு நாள் இடைவெளி விட்டு, மறுபடி சேர்ப்பார்கள். அந்த ஒரு நாள் நாங்கள் யாருடைய ஆளும் கிடையாது. அலுவலகத்துக்குள் வரக் கூடாது. அம்மா இருந்த வரைக்கும் அக்காவுக்கு அது கோயிலுக்குப் போகும் நாள். அந்த வருஷம் காலை ஒன்பதரைக்கே சாப்பாட்டுக் கூடையோடு வாசலில் வந்து நின்றார்.

செக்யூரிட்டி தவித்துப்போனார். "அக்கா, இன்னிக்கு நீங்க உள்ள வரக் கூடாதுக்கா."

"விசிட்டர் வரலாமில்ல? நோட்ட குடு."

வருகையாளர் நோட்டில் பெயர், ஊர், நேரம் எல்லாம் ஒழுங்காக எழுதினார். யாரைப் பார்க்க வந்தீர்கள் என்ற இடத்தில் 'என் நாற்காலி' என்று எழுதிவிட்டு, வரவேற்பறை சோபாவில் உட்கார்ந்துகொண்டார். சாயங்காலம் வரை அங்கேயே இருந்தார். எங்களுக்கெல்லாம் ஒரே சிரிப்பு. நாங்கள் நாலு பேரும் அன்றைக்கு அதே இடைவெளியில்தான் இருந்தோம், ஆனால் செய்தி கேட்டு ஒவ்வொருவராக வந்து நாங்களும் நோட்டில் கையெழுத்துப் போட்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்தோம். சோபா போதவில்லை.

மதியம் மேனேஜர் வெளியே வந்தார். "என்னம்மா இது, வீட்டுக்குப் போங்களேன். ஒரு நாள் ரெஸ்ட் எடுக்கலாமில்ல."

"வீட்ல யாரு சார் இருக்கா?" என்றார் அக்கா. சாதாரணமாகத்தான் சொன்னார். மேனேஜர் உள்ளே போய், எங்கள் ஐந்து பேருக்கும் டீ அனுப்பினார். நாங்கள் சிரிப்பதை நிறுத்தியிருந்தோம்.

அடுத்த வருஷம் எங்கள் வேலையைக் கம்ப்யூட்டரே பார்த்துக்கொள்ளும் என்று முடிவாகிவிட்டது. வழக்கமாக இந்தச் செய்தி ஒரு மெயிலாக வரும், பின்னாலேயே ஒரு போன் வரும். அன்று போன் வரவில்லை. பதினோரு மணிக்கு நூர்ஜஹான் மேடமே வந்துவிட்டார்.

"போன்ல சொல்ல வாய் வரலக்கா" என்றார். சொல்லி முடிப்பதற்குள் அழுதுவிட்டார்.

வேலை போனது எங்களுக்கு. அழுதது அவர். சமாதானம் சொன்னது அக்கா. "சரி விடு. நீ என்ன பண்ணுவ? மொதல்ல சாப்புடு" என்று தன் டிபன் பாக்ஸைத் திறந்து பாதியை மூடியில் வைத்துக் கொடுத்தார். புளிச்சோறும் உருளைக்கிழங்கும். அவர் சாப்பிடுகிற வரைக்கும் எதிரில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

கடைசி ஒரு வாரமும் அக்கா மிச்சமிருந்த விவசாயிகளுக்கெல்லாம் போன் போட்டுக்கொண்டிருந்தார். "இனிமே இந்த நம்பர்ல நான் இருக்க மாட்டேங்க. உங்க அடங்கல் சரியாயிருச்சு, கவலப்படாதீங்க." ஒரத்தநாட்டுப் பெரியவர், "அப்ப நான் யார்ட்ட பேசறது?" என்று கேட்டிருக்கிறார். அக்கா தன் சொந்த நம்பரைக் கொடுத்தார். அதற்கப்புறம் பேசிய எல்லோருக்குமே கொடுத்தார்.

அந்த நம்பர்தான் அவரைக் காப்பாற்றியது. இரண்டு மாதம் வீட்டில் சும்மா இருந்தவருக்குப் போன் வந்துகொண்டே இருந்திருக்கிறது. அப்படிப் பேசிய ஒருவர் மூலமாக, இப்போது அம்மாபேட்டையில் ஓர் இ-சேவை மையத்தில் உட்கார்ந்திருக்கிறார். அங்கே பட்டா மாற்றத்துக்கும் சிட்டாவுக்கும் வருகிறவர்கள், கம்ப்யூட்டர் காலியாக இருந்தாலும் அவரிடம்தான் போவோம் என்று காத்திருக்கிறார்களாம். நூர்ஜஹான் மேடத்தின் ஏஜென்சி மாறிவிட்டது. இப்போது சிவப்புக் கயிறா ஊதாக் கயிறா தெரியவில்லை. மாதத்துக்கு ஒரு ஞாயிறு கரந்தைக்கு வந்து போகிறார் என்று கேள்வி.

நான் சென்னைக்கு வந்து, எழுத்து வேலையில் ஒட்டிக்கொண்டேன். இங்கேயும் எனக்கு அறை ஒன்று, சாவி ஒன்று. வேதாரண்யம் போகும்போதெல்லாம் தஞ்சாவூர் சுற்றிப் போகிற பஸ்ஸில்தான் ஏறுவேன். விடிகாலையில் அங்கே நிற்கும். டீ குடித்துவிட்டு ஏறிவிடுவேன். அக்காவுக்கு எதற்குத் தொந்தரவு என்று நினைப்பேன்.

போன மாதம் இறங்கிவிட்டேன். ஒரு மணி நேரம் பார்த்துவிட்டு அடுத்த பஸ்ஸைப் பிடிக்கலாம் என்றுதான் கரந்தைக்கு ஆட்டோ எடுத்தேன். கதவைத் திறந்த அக்கா, என் பையை வாங்கிப் பீரோவுக்கு மேலே எனக்கு எட்டாத உயரத்தில் வைத்துவிட்டு, காய் நறுக்கப் போனார். மூன்று நாள் கழித்துத்தான் ஊருக்குப் போனேன்.

அப்பாவுக்கு நான் ஒரே பெண். "மூணு நாளா தஞ்சாவூர்ல யார் வீட்லம்மா இருந்த?" என்று கேட்டார்.

"அக்கா வீட்ல" என்றேன்.